கோகிலாவின் இடது கன்னம்

பல் டாக்டர் பிரவீனின் வாயில் எப்போதும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்ல." மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் அவருடைய கிளினிக் நாற்காலியில் கோகிலா வாயைப் பிளந்து உட்கார்ந்த முதல் நாளே அதைச் சொன்னார். இரண்டாம் முறை, வேரைக் குடையும் ஊசி பல்லுக்குள்ளேயே முறிந்தபோதும் அதையேதான் சொன்னார். மூன்றாம் முறை அடைத்த சிமெண்ட் இரண்டே நாளில் கழன்று விழுந்தது. ஃபோனில் சொன்னாள்.

"ஒண்ணுமில்லம்மா, திங்கக்கெழம சாயந்திரம் வா."

திங்கட்கிழமை காலையில் மலைமேல் கல்லூரியில் அவளுடைய கடைசி வருடப் புராஜெக்ட்டுக்கு வைவா. முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு போடும் மென்பொருள். ஆறு மாத உழைப்பு. அதில் தேறி, பரீட்சையும் எழுதிவிட்டால் சேலத்தில் ஒரு கம்பெனி வேலை காத்திருந்தது. ஆனால் பல்லுக்காக மலையின் எழுபது வளைவையும் இறங்கி ஏறியதில் வருகை நாட்கள் கரைந்துபோயிருந்தன. இன்னும் மூன்று நாள் தவறினால் ஹால் டிக்கெட் கிடையாது.

சனிக்கிழமை அம்மா பானுமதி வைத்தியத்தில் இறங்கினாள். மலைமேல் அவர்களுடைய அரியூர் நாட்டில் வீட்டுக்கு வீடு மிளகு காய்கிறது. அதை விட்டுவிட்டுக் கடையில் கிராம்பு வாங்குவது அவளுக்கு மானப் பிரச்சினை.

"நம்ம தோட்டத்து மொளகு கண்ணு. கொஞ்சம் காந்தும், பொறுத்துக்க," என்று இடித்த மிளகைப் பல் குழிக்குள் திணித்தாள்.

காந்தியது. ஞாயிறு காலையில் இடது கன்னம் பன் மாதிரி உப்பி, கண் பாதி மூடிக்கொண்டது. கோகிலா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து மென்பொருளைச் சோதித்தாள். ஆறு மாதம் சோறூட்டி வளர்த்தவளைப் பார்த்து அது சொன்னது: "பதிவில் இல்லாத நபர்." அழுகை வந்தது, அழவும் வலித்தது.

ஒருவருக்கு இருபது படம்தான் என்று, கல்லூரியின் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு இரங்கி அவளேதான் வரம்பு வைத்திருந்தாள். வேறு வழியில்லை. நல்ல முகத்தின் இருபது படங்களையும் அழித்துவிட்டு, வீங்கிய முகத்தை இருபது கோணத்தில் எடுத்து ஏற்றினாள்.

வைவாவில் மென்பொருள் நொடியில் அவள் பெயரைச் சொன்னது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கை தட்டினார். பேச முடியாததால் குறுக்குக் கேள்விகளிலிருந்தும் தப்பித்தாள். துறைத்தலைவர் இளங்கோவுக்குப் பெருமை தாங்கவில்லை. நாளை முதல் துறைக்கே இதுதான் வருகைப்பதிவு என்று அறிவித்து, பழைய ரெஜிஸ்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். படங்களை யாரும் தொடக்கூடாதென்று பாஸ்வேர்டையும் மாற்றினார்.

அன்று மாலை பிரவீன் எப்படியோ முறிந்த ஊசியை வெளியே எடுத்துச் சுத்தம் செய்தார். செவ்வாயும் புதனும் வீக்கத்தோடு போய் வருகை வாங்கினாள் கோகிலா. வியாழக்கிழமை கன்னம் வற்றிவிட்டது. வலியில்லாத வாயோடு, சந்தோஷமாகக் கேமரா முன் நின்றாள்.

"பதிவில் இல்லாத நபர்."

ஓடிப்போய் இளங்கோவிடம் நின்றாள். "சார், நான்தானுங்க கோகிலா."

"எனக்குத் தெரியுதும்மா. சாஃப்ட்வேருக்குத் தெரியோணுமில்ல? நீ எழுதுனது தப்பாவா சொல்லும்?"

"படத்த மாத்தி ஏத்தீர்றனுங்க சார்."

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு. ஞாபகம் வந்ததும் பாக்கலாம்."

"ரெஜிஸ்டர்லயாச்சும் ஒரு கையெழுத்துங்க சார்..."

"உன் கண்டுபிடிப்ப நீயே நம்பலைன்னா எப்படிம்மா?"

ஆப்சென்ட். யார்மேல் கோபப்படுவது? எழுதியவள் அவளேதான். இன்னும் இரண்டு நாள் தவறினால் ஹால் டிக்கெட் போச்சு. பஸ் பிடித்துக் கிளினிக்குக்கு வந்து, மூச்சு வாங்கக் கேட்டாள்:

"டாக்டர், இந்தக் கன்னத்த மறுபடியும் வீங்க வெக்க முடியுங்களா?"

பத்து வருடத் தொழிலில் பிரவீனிடம் இப்படி நம்பி ஒருவரும் வந்ததில்லை. அவர் கூச்சமே படாமல் கையுறையை மாட்டினார்.

"உக்காரும்மா. பக்கத்துப் பல்லுல ஆரம்பிச்சாப் போச்சு."

ஹால் டிக்கெட்டை நினைத்துக்கொண்டு கோகிலா வாயைத் திறந்தாள்.