மூச்சுக்கு வைத்த மின்சாரம்

புயலில் மின்கம்பம் சாய்ந்து தெருவே மின்சாரமில்லாமல் கிடந்த அந்தப் பிற்பகலில், போட்டோகிராபர் வீட்டுக் கூடம் மட்டும் சந்தைக்கடை போல இரைந்துகொண்டிருந்தது. நுரையீரல் நோயோடு படுக்கையறையில் கிடக்கும் மனைவியின் ஆக்சிஜன் இயந்திரம் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர் புது யூபிஎஸ் வாங்கிக் கூடத்தில் வைத்திருந்தார். அதன் முகப்பில் போன், லேப்டாப் சார்ஜ் போட டைப்-சி போர்ட்டுகளும் இருந்தன. அதைச் சொல்லிப் பெருமைப்படாத நாளில்லை அவர்.

முதலில் எட்டிப் பார்த்தவர் எதிர்வீட்டு வக்கீல். "சார், போன் செத்துப்போச்சு. கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?"

"இதெல்லாம் கேக்கணுமா? தாராளமா போடுங்க. இதுல லேப்டாப்பே ஏறும்!"

செய்தி பரவ அது போதாதா? மாடிவீட்டு டீச்சர் வந்தார். அவர் பின்னாலேயே அவர் தங்கையும் வந்தாள். ஆளுக்கொரு வயரைச் செருகினார்கள். போட்டோகிராபரும் தன் லேப்டாப்பைச் செருகி, கல்யாண வீடுகளில் எடுத்த வேடிக்கைப் படங்களைக் காட்டினார். கூடமே வயிறு குலுங்கச் சிரித்தது.

நடுவில் யூபிஎஸ் கீக் கீக்கென்று கத்த ஆரம்பித்தது.

"காதைக் குடையுதே சார்," என்றார் வக்கீல்.

"அது சும்மா அப்படித்தான் கத்தும்." போட்டோகிராபர் சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு, விட்ட கதையைத் தொடர்ந்தார்.

நர்ஸ் வேலை பார்க்கும் மகள் நனைந்த குடையோடு வந்தாள். நேரே அம்மாவிடம் போனாள்.

"அப்பா!"

அந்த அலறலில் சிரிப்பு அப்படியே அறுந்தது. ஓடிய போட்டோகிராபர் படுக்கையறை வாசலில் உறைந்து நின்றார். யூபிஎஸ்ஸில் சார்ஜ் தீர்ந்து இயந்திரம் அடங்கிக் கிடந்தது. மனைவியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. விரல்கள் கட்டில் சட்டத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. மகள் மூலையிலிருந்த ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துவந்து குழாயை மாற்றினாள்.

மெல்ல மெல்ல மார்பு ஏறி இறங்கியது. மனைவி கண் திறந்தாள்.

"கூப்பிட்டேங்க... நீங்க சிரிச்சிட்டிருந்தீங்க..."

அந்தக் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அவர் கூடத்துக்குத் திரும்பியபோது எல்லோரும் தலையைக் குனிந்தபடி வயர்களை உருவிக்கொண்டிருந்தார்கள். வக்கீலுக்கு நாக்கு குழறியது. "சத்தியமா தெரியாது சார். ஒரு போன்தானேன்னு..."

"நீங்களும் அப்படி நினைச்சீங்க, அவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க," என்றார் போட்டோகிராபர். "உள்ளே ஒரு உயிர் இருக்குன்னு நான்தான் நினைச்சிருக்கணும். நோயாளிக்குன்னு வச்ச கரண்ட்டை வேற யாரும் தொடவே கூடாது. கேக்கிறவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். 'இல்லை'ன்னு சொல்ல வேண்டியது வீட்டுக்காரன். எல்லாருக்கும் நல்லவனா இருக்கப் பாத்து, என் பொண்டாட்டியோட மூச்சை எடுத்து ஊருக்குத் தானம் பண்ணிட்டேனே!"