வுர்ரோவுக்குக் கொடுத்த ஈரல்

கண்ணுகளா, பெரிய விரதம் வந்துவிட்டால் டெஸ்ஸீ ஊரில் கிறிஸ்தவர்களான எங்கள் இறைச்சிக்கடைகள் ஐம்பத்தைந்து நாளும் மூடிக்கிடக்கும். எனக்குப் பருப்பும் கீரையும் போதும். ஆனால் அந்த வருஷம் வுர்ரோ வந்திருந்தான், உள்ளங்கை அளவுப் பூனைக்குட்டி. அவனுக்கு ஏது விரதம்? சந்தைப் பக்கம் சயீத்தின் கடை திறந்திருந்தது. முஸ்லிம்கள் அறுத்ததை நாங்கள் உண்பதில்லை, நாங்கள் அறுத்ததை அவர்களும் உண்பதில்லை. அதனால் என்னைக் கண்டதும் சயீத் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"என்ன அஸ்நாகெச் அக்கா, விரதத்துல என் கடைக்கா? சாமியார் பாத்தாருன்னா?"

"பூனைக்குடா. வாயை மூடிட்டு நிறுத்துக் குடு."

"அப்ப பூனை எங்க பக்கம் வந்துருச்சுன்னு சொல்லுங்க!"

ஆட்டு ஈரல் வாங்கினேன். பண்டிகைக்கு ஆடு அறுத்தால் நாங்கள் முதலில் ஆசையாக எடுத்துத் தின்பது பச்சை ஈரலைத்தானே. விரலால் கிள்ளி, மனசுக்குப் பிடித்தவர்களுக்கு ஊட்டுவதுபோல அவன் வாயிலேயே வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றான். அதோடு அவன்மேல் பிரியத்தில் விழுந்துவிட்டேன். விரதம் முடிந்த பிறகும் சயீத் கடை ஈரல்தான், தினமும் ஈரல்தான்.

ஒருநாள் சயீத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, வெறும் ஈரலா குடுக்காதீங்க. கொஞ்சம் சதை, இதயம், கடிக்க ஒரு குருத்தெலும்புன்னு கலந்து குடுங்க. என் கடை வாசல் பூனைங்க எல்லாத்தையும் திங்குது, நல்லாத்தான் இருக்குதுங்க."

"விக்காததையெல்லாம் என் தலையில கட்டப் பாக்குறியா? உன்னோடது தெருவுல பொறுக்குறதுங்க. இவன் வீட்டுப் பிள்ளை."

"சரிக்கா" என்று ஈரலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் வுர்ரோ தன் முதுகை நக்குவதை நிறுத்தினான். முடி சடைசடையாகத் திரண்டது. சோம்பேறி என்று திட்டினேன். தூக்கினால் அலறினான். அப்புறம்தான் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"என்னம்மா குடுக்குறீங்க?"

"நல்லதுதான். பச்சை ஈரல்."

"அதோட வேற?"

"வேற எதுக்கு?"

அவள் ஒரு சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"ஈரல்ல இருக்குற சத்து உடம்புல அளவுக்கு மீறித் தங்கிருச்சு. கழுத்தெலும்புங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. இனிமே பிரியாது. ஈரலை நிறுத்தினா வலியாவது குறையும். ஆனா பட்டினி மட்டும் போட்டுறாதீங்க, பூனை தாங்காது."

எதெதைக் கலந்து கொடுக்கலாம் என்று அவள் எழுதிக் கொடுத்த சீட்டோடு சயீத்திடம் போனேன். "நீ அன்னைக்கே சொன்னே. நான்தான் உன்னை..."

"விடுங்கக்கா." இதயத்தையும் சதையையும் பொடியாகக் கொத்தினான். "வெந்நீர் ரெண்டு கரண்டி ஊத்துங்க. வாசனை ஏறும்."

அன்று முழுக்க வுர்ரோ தட்டைத் தொடவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவற்றில் ஈரல் இல்லை. மறுநாள் சாயங்காலம், நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது, தட்டில் நாக்குப் படும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. தின்றான்.

இப்போது அலறுவதில்லை. முதுகை நான்தான் ஈரத்துணியால் துடைக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவனால் தலையை மட்டும் திருப்ப முடியாது. நான்கு காலையும் மாற்றி மாற்றி வைத்து, உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு என்னைப் பார்ப்பான், அதே பிரியத்தோடு. அதனால் நான் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை, கண்ணுகளா. சுற்றி நடந்து, அவன் முகத்துக்கு நேரே போய் நின்ற பிறகுதான் பெயரைச் சொல்கிறேன்.