விளக்கெண்ணெய்ப் பாறை

பூமியில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கத் தெரிந்தவர் சிங்காரவேலு ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் விழுந்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவே. இதைச் சொன்னவரும் சிங்காரவேலுதான். சொல்லும்போது சிரிக்கவில்லை. காஷ்மீரத்தில் பட்டாளத்துக்காரர்களுக்கு நடந்த பனிச்சறுக்குப் பந்தயத்தில், காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு மலையுச்சியிலிருந்து பாய்ந்து, இரண்டு வருஷம் கோப்பை வாங்கியவர். அதில் பொய்யில்லை. சண்டை முடிந்து அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியவரை மேளம் வைத்து அழைத்துப் போனார்கள். பெரம்பலூர் காபி கிளப்பில் அவர் நுழைந்தால் ஒரு பெஞ்சு காலியாகும். பனியைக் கண்டறியாத பிள்ளைகள் பலகை கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் உருண்டு முட்டியைப் பேர்த்துக்கொண்டன. தாய்மார்கள் அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள்.

புகழ் அத்தோடு நின்றிருக்கலாம். செக்குக்கார நல்லுசாமிக்கு ஒரு யோசனை வந்தது. உறியடிக்கு வருஷா வருஷம் வழுக்குமரத்தில் எண்ணெய் தடவிப் பழகிய ஊர். மரத்தில் வழுக்குவது பாறையில் வழுக்காதா?

“பனி இல்லேன்னா என்னங்க ஹவில்தார், வெளக்கெண்ணெ இருக்கு. ஒரு பீப்பா நான் தாரேன். ஊரு பாக்கட்டும்.”

நாலு பேர் நடுவில் என்ன சொல்வது? “அதுக்கென்ன” என்றுவிட்டார்.

மறுநாள் மச்சினன் மாயவனோடு ஊருக்கு வடக்கே இருந்த பாறைக் கரட்டைப் பார்க்கப் போனார். திரும்புகையில் மாயவன் உட்கார்ந்துகொண்டு, கையை ஊன்றி, பிட்டத்தை நகர்த்தி நகர்த்தி இறங்கினான்.

“என்ன மாப்ள, பாறையக் கூட்டிப் பெருக்குறியா?”

“வேட்டி கிழிஞ்சா தச்சுக்கலாம் மச்சான்.”

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சறுக்கு விழா நாள் காலையில், பட்டாளத்துக் கால்சட்டையை எடுத்துக் கொடுத்த மனைவி மலர்க்கொடி, “எனக்கு வெள்ளச் சீல எடுப்பா இருக்காதுங்க” என்றாள்.

உச்சியில் அவர் மட்டும் நின்றார். ஆசாரி இழைத்த பனம்பலகைகள் காலடியில் கிடந்தன. கீழே இரண்டு தாலுகா ஜனம். முன்பக்கச் சரிவு முழுவதும் எண்ணெய் வெயிலில் மினுங்கிற்று. காஷ்மீரத்தில் எத்தனை முறை விழுந்திருக்கிறார்! ஒவ்வொரு முறையும் பனி மெத்தை மாதிரி வாங்கிக்கொண்டது. எழுந்து தட்டிவிட்டுக்கொண்டார். இங்கே சரிவின் அடியில் துருத்திக்கொண்டிருந்த கல்லைப் பார்த்தார். அது எதையும் வாங்கிக்கொள்ளும் கல்லாகத் தெரியவில்லை. இத்தனை நாள் தன்னுடையதென்று நினைத்திருந்த தைரியம் உண்மையில் பனியினுடையது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குனிந்து பலகையின் வாரை எடுத்தவர், மாட்டாமலே கீழே விட்டார்.

பறை முழங்கியது. “சிங்காரவேலு! சிங்காரவேலு!” என்று கூட்டம் கத்தியது. எல்லாக் கண்ணும் முன்பக்கத்தில்தான்.

ஒரு பலகை தானாக நழுவியது. சரிவில் சிட்டாய்ப் பறந்து, அடிக்கல்லில் மோதி இரண்டாகப் பிளந்தது. கூட்டம் ஆரவாரித்தது, அதை வெள்ளோட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சிங்காரவேலு ஓசையில்லாமல் பின்பக்கம் போனார். உட்கார்ந்தார். சூடு கால்சட்டையைத் தாண்டிச் சுட்டது. இரண்டு உள்ளங்கைகளையும் பாறையில் அழுத்தி ஊன்றி, ஒரு சாண் நகர்ந்தார். நின்று, காது கொடுத்தார். அந்தப் பக்கம் பறை இன்னும் வேகம் பிடித்தது. குதிகாலால் அடுத்த பிடிமானத்தைத் துழாவியபடி, இன்னொரு சாண் நகர்ந்தார்.