ஈரத்தில் காய்ந்த ஸ்லைடுகள்

காலையிலிருந்து பதினொரு ஸ்லைடுகள். அவற்றில் ஒன்பதுக்குக் கணினி ஒரே பதிலைச் சொல்லியிருந்தது: தலசீமியா சந்தேகம்.

ராஜா அண்ணாமலைபுரத்தின் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கும் சின்ன ரத்தப் பரிசோதனைக்கூடம் அது. நான்கு மாதங்களாக அங்கே நுண்ணோக்கியின் தலையில் ஒரு கேமரா உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியில் தேய்த்த ரத்தத்தை அது படமெடுக்கும். செயற்கை நுண்ணறிவு அணுக்களின் உருவத்தைப் பார்த்து, இது இரும்புச்சத்துக் குறைவு, இது பரம்பரையாக வரும் தலசீமியா என்று பிரித்துச் சொல்லும். முதல்கட்ட அறிக்கை தானாகவே வாட்ஸ்அப்பில் போய்விடும். டாக்டர் வெங்கடரமணன் மாலையில்தான் வந்து கையெழுத்துப் போடுவார்.

ரத்தம் எடுக்கும் வடிவேலு திரையை எட்டிப் பார்த்தான். “இன்னா வர்ஷினி, ஊருக்கே ஒரே வியாதியா கீது?”

ஸ்லைடுகளைத் தயாரிக்கும் வர்ஷினி பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன புஷ்ரா, குடையை மடக்கக்கூட மறந்து நின்றாள்.

“இது நிச்சயமா?” கைபேசியை நீட்டினாள். “தௌசீஃபுக்கு இது இருக்கு. அவருக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா எனக்கும் இருந்தா…”

மீதியை வர்ஷினி அறிவாள். இருவருக்கும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது கடுமையாக வர நாலில் ஒரு பங்கு ஆபத்து. அப்படி வந்தால் ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

“சாயங்காலம் அவர் வீட்ல கல்யாணத் தேதி குறிக்க வர்றதா இருந்தாங்க. இதை அனுப்பினேன். அவங்கம்மா வரலைன்னுட்டாங்க.”

“கொஞ்சம் உட்காருங்க” என்ற வர்ஷினியால்தான் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்குமாக இரண்டு முறை நடந்தாள். பிறகு தன் விரலைக் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, மற்றவற்றோடு சட்டத்தில் சாய்த்து வைத்தாள். போன வருடம்தான் அவளுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்திருந்தார்கள். ஒரு குறையும் இல்லை.

ஸ்லைடு காயவே இல்லை. ஏசி பழுதாகி மூன்று நாள் ஆகிறது. திறந்த ஜன்னல் வழியே கார்த்திகை மழையின் ஈரம் அறை முழுக்க ஊறியிருந்தது. ஆறு நிமிடம் கழித்துக் காய்ந்ததும் சாயமேற்றிக் கேமராவுக்கடியில் வைத்தாள்.

தலசீமியா சந்தேகம். எண்பத்தெட்டு சதவீதம்.

அவள் கண்ணை வைத்துப் பார்த்தாள். அணுக்களின் நடுவே கறுப்பாகப் பொட்டு. தலசீமியா அணுவிலும் இப்படித்தான் தெரியும், ஆனால் இது மெதுவாகக் காய்ந்ததால் விழுந்த பொட்டு. படிக்கும்போது ஸ்லைடைக் கையில் பிடித்து விசிறிக்கொண்டே இருப்பார்கள். கேமரா வந்த பிறகு விசிறுவதையும் விட்டுவிட்டாள், பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

“வடிவேலு, பக்கத்துப் பார்லர்ல ஹேர் டிரையர் கேளு. சூடு இல்லாம காத்து மட்டும் வரணும்.”

“ரத்தத்துக்கு ஹேர் ஸ்டைலானு சிரிக்கிறாங்க” என்று சொல்லிக்கொண்டே எடுத்து வந்தான்.

காலையில் எடுத்த புஷ்ராவின் ரத்தத்தையே மறுபடி தேய்த்தாள். அரை நிமிடத்தில் காய்ந்தது. இந்த முறை கணினி சொன்னது: இரும்புச்சத்துக் குறைவு, எண்பத்தாறு சதவீதம்.

தோளுக்கு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த புஷ்ரா அவள் கையைப் பிடித்தாள். “இதை அனுப்புங்க. இப்பவே.”

“முடியாதுங்க. இதுவும் படத்தைப் பார்த்துச் சொல்றதுதான். உங்க ரத்தத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பறேன். திங்கட்கிழமை உறுதியாத் தெரியும்.”

“காலைல அனுப்பும்போது இந்த சந்தேகம் வரலையா?”

வர்ஷினியின் காது சூடேறியது. டாக்டரைக் கேட்கலாம், அவர் வர ஐந்து மணியாகும். “தௌசீஃபோட அம்மா நம்பர் குடுங்க” என்றாள்.

அஸ்மத்துன்னிசா இரண்டாவது மணியிலேயே எடுத்தார். காலையில் வந்த அறிக்கை தப்பு, தப்பு தன்னுடையது என்று வர்ஷினி சொன்னாள்.

“அப்போ அவளுக்கு இல்லையா?”

“அதுவும் தெரியாதும்மா. திங்கட்கிழமைதான் தெரியும்.”

“காலைல இருக்குன்னீங்க. இப்ப தெரியாதுங்கறீங்க. தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு லேபா?”

“தெரியாதுன்னுதாம்மா காலையிலயே சொல்லியிருக்கணும்.”

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. “அவகிட்ட குடு.”

புஷ்ரா ஜன்னலருகே போய் உருதுவில் பேசினாள். பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சாயங்காலம் வர்றாங்களாம். தேதி பேச இல்லை, சும்மாவாம். திங்கட்கிழமை வரைக்கும் யாரும் எதுவும் பேசக் கூடாதாம்.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “மூணு நாள் நான் எப்படிங்க தூங்குறது?”

வர்ஷினி அவள் குடையை மடக்கிக் கையில் கொடுத்தாள். இன்னும் எட்டுப் பேருக்கு அந்த அறிக்கை போயிருந்தது. புஷ்ரா படியிறங்கிப் போனதும், பட்டியலில் அடுத்த எண்ணை அழுத்தினாள்.