மாஸ்டரின் மூன்றாவது குட்டி

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது.

ஆக்லாந்தில் த்ரீ கிங்ஸ் பகுதியில் நான் வேலை செய்யும் பார்மசிக்குள் ஒரு நாள் ஜெயரட்ணம் அண்ணை பஸ் ஓட்டும் உடுப்போடு வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"தியாகு, குட்டி பிறந்திட்டுதடா! சுருட்டை! உடம்பெல்லாம் சுருட்டை! நீ கதை எழுதுற ஆள்தானே, இதை ஒருக்கா எழுதன். எழுதினதும் முதல் என்ரை கையிலைதான் தரவேணும், ஓமோ?"

"ஓம் அண்ணை" என்றேன். அந்த நேரம் என் வாயில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருக்கலாம். கடையில் எத்தனையோ பெட்டி இருந்தது.

ஏழு கிழமை ஆகிறது. எழுதிய தொடக்கங்கள் இவை:

"ஆக்லாந்தின் வடமேற்கே மேகங்கள் தாழ்ந்து கவிந்த ஒரு..." இந்த ஊரில் மேகம் எப்போது தாழாமல் இருந்தது? வேண்டாம்.

"குதிரை என்பது கம்பீரத்தின்..." சீ.

"ஜெயரட்ணத்துக்குக் குதிரை என்றால் உயிர். குதிரைக்கு ஜெயரட்ணம் என்றால் தும்மல்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தும்முவது குதிரை அல்ல, அவர்தான். அழகுக்காகப் பொய் சொல்லும் இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அதுவும் பின்னால் வரும்.

2.

சரி, வாசகரே. அலங்காரத்தை விட்டுவிட்டு விஷயத்தைச் சொல்கிறேன்.

அண்ணை இந்த நாட்டுக்கு வந்ததும் முதலில் கிடைத்த வேலை ஒரு குதிரை லாயத்தில். குதிரைகள் அவரைக் கண்டால் தலையைக் கொண்டுவந்து தோளில் வைக்கும். அவர் அவற்றைக் கண்டால் தும்முவார். கண் வீங்கும், மூச்சு இழுக்கும். அலர்ஜிக் குளிசையைப் போட்டுப் போட்டு இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு டாக்டர், "ஒன்று குதிரையை விடு, இல்லை மூச்சை விடு" என்றாராம். வேலையை விட்டார். அந்தக் குளிசை வாங்க வந்துதான் எனக்குப் பழக்கம்.

பிறகு எங்கேயோ ஒரு சந்தையில் சுருட்டை முடிக் குதிரை ஒன்றைக் கண்டார். அருகே போனார், தடவினார், முகத்தை அதன் கழுத்தில் புதைத்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றார். தும்மல் வரவில்லை. அழுகைதான் வந்ததாம்.

[பார்மசிக்காரனின் இடைச்செருகல்: இந்த இனம் எல்லோருக்கும் அலர்ஜி தராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பலருக்குத் தருவதில்லை என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பன்னிரண்டு வருடமாக அண்ணை என்னிடம் குளிசை வாங்கவில்லை. இப்போது வருவது கதைப்பதற்கு மட்டும்.]

அண்ணை வாங்கிவிட்ட அந்தக் குதிரையின் பெயர் மாஸ்டர். எந்நேரமும் வீட்டுப்பாடம் செய்யாதவனைப் பார்ப்பதுபோல் பார்க்கும். மாசி என்ற புறநகருக்கு அப்பால் அண்ணையின் குத்தகை நிலத்தில் நிற்கிறது. வயது இருபத்துமூன்று. சுருட்டை இனத்தின் இந்தக் கிளையில் பொலிக்கு விடக்கூடிய ஆண் இந்த நாட்டில் இது ஒன்றுதான் மிச்சம். இதே கிளையில் பெண் குதிரைகள் இரண்டு, கைப்பாராப் பக்கம் ஹெலன் என்ற பெண்ணின் மாட்டுப் பண்ணையில் இருக்கின்றன. அவர் மாடு மேய்க்கும் குதிரைகளை வளர்ப்பவர். கெட்டிக்காரி, சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாதவர்.

அண்ணை கிட்டப்போகாத ஒரு சாதாரணப் பெண் குதிரையில் மாஸ்டருக்குப் பிறந்த முதல் இரண்டு குட்டிகளும் நேர்முடி. ஹெலன் அப்போதே சொல்லிவிட்டார்: மூன்றாவது சுருட்டையாகப் பிறந்தால் என் இரண்டையும் இந்தப் பருவத்திலேயே கொண்டுவந்து விடுகிறேன். இல்லையென்றால் வேறு இன ஆணிடம் விடுவேன். எனக்கு மாட்டுக்குப் பின்னால் ஓடக் குதிரை வேண்டும், அருங்காட்சியகம் வேண்டாம்.

மாஸ்டருக்கு அடுத்த பருவம் இருக்குமோ இல்லையோ தெரியாது. பின்னங்கால் இப்போதே தளர்கிறது.

மூன்றாவது, ஒரு பெட்டைக் குட்டி, சுருட்டையாகப் பிறந்தது. கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் விட்டால்தானே.

3.

அண்ணையின் மனைவி பத்மாவதி அக்கா. மகன் விதுஷன் சிட்னியில். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை, அக்கா அதைப்பற்றி வாய் திறப்பதும் இல்லை. குட்டி பிறந்தபோது மிருக வைத்தியரைக் கூப்பிட முதலே எல்லாம் முடிந்துவிட்டது, பிறகு அவர் வரத் தேவைப்படவில்லை. சவ்வைக் கிழித்து மூக்கைத் துடைத்தது அக்காவின் கை. அன்றிலிருந்து அது அவருக்குக் குதிரைக்குட்டி இல்லை.

"முப்பத்தொண்டு கழியாமல் ஒருத்தரும் படம் எடுக்கப்படாது. கண்ணூறு படும்" என்று, பிறந்த பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிக்கும் எங்கள் வழக்கப்படி உத்தரவு போட்டார். அண்ணை சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஹெலன் முப்பத்துமூன்றாம் நாள் நேரில் வருவதாக இருந்தபடியால் படம் எதற்கு என்று நினைத்தார்.

முப்பத்தோராம் நாள் அண்ணை பகல் முழுக்க மவுண்ட் ரோஸ்கில் பாதையில் பஸ் ஓட்டினார். திரும்பி வந்து பார்த்தால், வேலிக்குள் குட்டி மொட்டையாக நிற்கிறது. தலை, பிடரி, முதுகு, வயிறு எல்லாம். உடம்பில் சந்தனம். கன்னத்தில் கறுப்புப் பொட்டு.

"என்னப்பா இது?"

"முப்பத்தொண்டுக்குப் பிள்ளைக்கு முடி வழிக்கிறேல்லையே?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"என்ரை பிள்ளைக்கு!"

"வழிச்ச முடி எங்கை?"

"ஓடையிலை விட்டாச்சு. வேறை என்னெண்டு செய்யிறது?"

முறைப்படிதான் எல்லாம் நடந்திருக்கிறது. ஒரு குறையும் சொல்ல முடியாது. கோதாரி!

இரண்டு நாள் கழித்து ஹெலன் வந்தார். மொட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நேர்முடியை மறைக்கத்தான் வழித்தீர்கள் என்று அவர் சொல்லவில்லை. பொட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். அது சொல்வதைவிட மோசம்.

[லேபில் கேட்கலாமே என்பீர்கள். கேட்டாயிற்று. இந்தக் கிளையின் சுருளுக்கு அவர்களிடம் சோதனை இல்லை. திரும்ப முளைக்குமே என்பீர்கள். முளைக்கிறது, கோடைமுடி, நேராக. சுருள் தெரியக் குளிர்காலம் வரவேண்டும். அதற்குள் ஹெலனின் இரண்டும் வேறு குட்டியைச் சுமந்துகொண்டு நிற்கும்.]

போகும்போது ஹெலன் ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வெளியே உள்ள யாராவது ஒருவர் பதில் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும், நம்புகிறேன் என்றார். வழிக்க முதல் குட்டியைக் கண்ணால் பார்த்தீர்களா? முடி எப்படி இருந்தது? வழித்தது யார்?

கெடு இந்த ஞாயிற்றுக்கிழமை.

அன்றிலிருந்து அண்ணை அக்காவோடு கதைப்பதில்லை. தேத்தண்ணி வைத்தால் குடிக்கிறார், கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கிறார், வேலைக்குப் போகிறார். மூன்று கிழமையாக இப்படித்தான்.

3. (திரும்பவும்)

மேலே உள்ளதை வாசித்துப் பார்த்தேன். ஓட்டை இருக்கிறது.

அறுபது வயதுப் பெண் ஒரு மாதக் குதிரைக்குட்டியைத் தனியாகப் பிடித்துத் தனியாக வழிக்க முடியாது. ஒருவர் கழுத்தைக் கட்டிப்பிடிக்க வேண்டும், மற்றவர் மெஷினைப் பிடிக்க வேண்டும். அண்ணை இதை இன்னும் யோசிக்கவில்லை. கோபத்தில் இருப்பவர் ஆட்களை எண்ணுவதில்லை. ஆனால் வாசகர் எண்ணுவார். ஆகவே ஒரு பாத்திரம் தேவை.

4. சோதிலிங்கம்

சோதிலிங்கம் ஓய்வு பெற்றவர். மெலிந்தவர். முடி வெட்டும் மெஷின் ஒன்று வைத்திருந்தார். பத்மாவதி அக்கா கேட்டதும் தட்டமுடியாமல் பஸ் ஏறி மாசிக்கு...

எந்த பஸ்? அந்த நிலத்துக்கு பஸ்ஸே இல்லை. சரி, கார் கொடுக்கிறேன்.

சோதிலிங்கம் தன் பழைய காரில் வந்தார். குட்டியைக் கண்டதும் அவர் மனம்... அவர் மனம் என்ன ஆனது? எனக்குத் தெரியாது. இந்த மனிதருக்கு முகமே வரமாட்டேன் என்கிறது. எழுத எழுத என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். என் சேர்ட்டையும் போட்டிருக்கிறார். லொக்டவுன் காலத்தில் கடையில் விலைக்கழிவில் வாங்கிய என் மெஷினைக் கையில் வைத்திருக்கிறார்.

போதும். சோதிலிங்கம் என்று ஒருவரும் இல்லை.

5.

நான்தான்.

அக்கா போன் எடுத்தார். "தம்பி, உம்மட்டை மெஷின் இருக்கெல்லே? பிள்ளைக்கு உச்சியிலை கொஞ்சம் எடுத்தாக் காணும். சாத்திரத்துக்கு." எனக்கு அன்று லீவு. போனேன். தாயை வேலியில் கட்டினோம். அக்கா குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ தாலாட்டினார். நான் நெற்றி முடியில் ஒரு கோடு இழுத்தேன்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஒரு பக்கம் கோணலாக இருந்தது. அதைச் சரிப்படுத்தினேன். இப்போது பிடரி பொருந்தவில்லை. பிடரியை எடுத்தேன். பிடரி போனதும் முதுகு விகாரமாகத் தெரிந்தது. எழுதும்போதும் எனக்கு இதே வியாதிதான்: ஒரு வரி பிசகினால் பக்கத்தையே வெட்டுவேன். அக்கா நடுவில் ஒருமுறை, "காணும் தம்பி, விடும்" என்றார். "இன்னும் கொஞ்சம்தான் அக்கா, பாதியிலை விட்டா வடிவில்லை" என்றேன்.

முடி சுருள் சுருளாக விழுந்தது. நரைத்த தேன் நிறம். விரலில் சுற்றினால் மோதிரம்போல் நின்றது. அள்ளிக் கொண்டுபோய் ஓடையில் விட்டதும் நான்தான்.

மூன்றாம் நாள், ஹெலன் வந்துபோன கையோடு, அண்ணை கடைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. தும்மலால் அல்ல.

"தியாகு, நீ எங்கடை வீட்டாள் இல்லைத்தானே. வழிக்க முதல் குட்டியைப் பாத்தனியே? ஒருக்காலெண்டாலும்?"

பார்த்தேன் என்றால் எப்போது என்று கேட்பார். நான் போனது அந்த ஒரு நாள்தான்.

"இல்லை அண்ணை, எனக்கு வரக் கிடைக்கேல்லையே" என்றேன்.

அவர் ஹெலனின் தாளைக் கவுண்டரில் வைத்தார். "ஆராவது கண்ட ஆக்கள் வந்தாக் கேட்டுப் பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் வந்து, ஒன்றும் இல்லாமல் போனார். எனக்கு என்னையே கன்னத்தில் அறையலாம் போலிருந்தது.

அன்று பின்னேரமே அக்காவுக்குப் போன் எடுத்தேன். "ஏன் அக்கா என்ரை பேரைச் சொல்லேல்லை?"

"விசரே உமக்கு? என்னோடை அவர் கோவிச்சா, பசிச்சா வீட்டுக்குத்தான் வரவேணும். உம்மோடை கோவிச்சா ஆரிட்டைப் போவார்? கதைக்க அவருக்கு வேறை ஆர் இருக்கினம்?"

போனை வைத்தேன். ஒரு பக்கத் தாளில் மூன்று வரி எழுத வேண்டியவன், அதை எழுதாமல் இருப்பதற்காக இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். எப்படி இருக்கிறது என் இலக்கியப் பணி?

6. முடிவுகள்

(அ) குளிர் முந்தி வருகிறது, குட்டிக்கு ஒரே இரவில் சுருள் முளைக்கிறது. இதை நம்புகிறவர் பார்மசிக்கு வரவும். மருந்து தருகிறேன்.

(ஆ) ஞாயிறு கழிகிறது. ஹெலன் தன் வழியில் போகிறார். மாஸ்டர் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ போய்விடும். கிளை இந்த ஒரு குட்டியோடு நின்றுவிடும். அண்ணை நேர்முடிக் குதிரைகளிடம் போய்த் திரும்பவும் குளிசை வாங்க வருவார், ஏனென்றால் குதிரையை விடமாட்டார். நான் சிரித்த முகத்தோடு விற்பேன். இதுதான் நான் ஒன்றும் செய்யாவிட்டால் தானாக நடக்கும் முடிவு. பேனையைக்கூடத் தொடத் தேவையில்லை.

(இ)

7.

(இ)யை நான் எழுதப்போவதில்லை. அது என்னுடையது அல்ல.

இவ்வளவு நேரமும் வாசகரே, வாசகரே என்று யாரையோ கூப்பிட்டேன். ஆயிரம் பேர் இருப்பதுபோல ஒரு நடிப்பு. இந்தக் கதைக்கு முதல் வாசகர் ஒருவர்தான். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணை, இன்று சனிக்கிழமை. ஐந்தாம் பகுதியில் இதைக் கிழித்தெறிந்திருந்தால் இது உங்கள் கையில் இருக்காது. ஆகவே கிழிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கடைசித் தாளின் பின்னால் ஹெலனின் தாளை மடித்து வைத்திருக்கிறேன். முதல் கேள்விக்கு: பார்த்தேன். இரண்டாவதுக்கு: சுருட்டை, உச்சியிலிருந்து வால்வரை. மூன்றாவதுக்கு என் முழுப் பெயர், தியாகலிங்கம், கையெழுத்தோடு. ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

அதை ஹெலனிடம் கொடுப்பதோ, என்னை இனி வாசல்படி மிதிக்காதே என்பதோ, இரண்டுமோ, நீங்கள் முடிவெடுங்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

ஆனால் அதெல்லாம் நாளைக்கு. இப்ப தாளை வைச்சிட்டு உள்ளுக்குப் போங்கோ. அக்கா தேத்தண்ணி போட்டிருப்பா. போய்க் கதையுங்கோ அண்ணை.