ரப்பரின் தடித்த பக்கம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். கதை என்று பெயர் வைத்ததும் வெட்கத்தால்தான். வாக்குமூலம் என்று வைத்தால் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

ஐம்பத்தெட்டு வயதில், தேவாலயக் கூடத்தில் நடக்கும் வகுப்பில் எழுத்துக் கற்றேன். அதுவரை மீன் பதப்படுத்தும் கூடத்தில் பெட்டி தூக்கினேன். மிச்ச நேரத்தில் என் கொட்டகையில் ஊராரின் மோட்டார் பனிவண்டிகளைப் பழுதுபார்த்தேன். போன மாதம் கருவிப்பெட்டியைக் கவிழ்த்தபோது மடித்த தாள் ஒன்று விழுந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்க நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: “லாப்ரடார் கரையில் அந்த மார்ச் மாதம் பனி வழக்கத்தைவிட ஆழமாக” [அடித்துவிட்டேன். பனியின் மேல் பழி போடப் பார்க்கிறது.]

இரண்டாவது: “போவாஸ் எப்போதும் வேகமாக ஓட்டுகிறவன், அதனால்” [பொய். மடியில் தேநீர்க் கோப்பை வைத்தாலும் சிந்தாது.]

நடந்தது இது. போவாஸ் என் மனைவி ஹுல்டாவின் தம்பி. விறகு ஏற்றிக்கொண்டு உறைந்த விரிகுடாவைக் கடக்கிறவன். ஆழமான பனியில் வண்டி புதைகிறது என்று, அதோடு வந்த குறுகிய இரும்புச் சறுக்குப்பலகைகளைக் கழற்றிவிட்டு அகலமான பிளாஸ்டிக் பலகைகளை மாட்டித் தரச் சொல்லி வந்தான். தெற்கிலிருந்து தபாலில் வரவழைத்தவை.

வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டை மேல் நிறுத்தினோம். துருவேறிய போல்ட்டைத் தட்டித் தட்டி எடுத்தேன். பலகைக்கும் வண்டியின் காலுக்கும் நடுவே ஒரு ரப்பர் கட்டை உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. தடித்த பக்கம் பின்னால் இருந்தால் பலகையின் மூக்கு நிமிரும். எங்கள் ஊரில் எல்லோரும் அதைத் திருப்பித்தான் போடுவோம். பின்னால் கோமாட்டிக்கில் விறகு இழுக்கும்போது வண்டியின் முன்பக்கம் லேசாகிவிடும். மூக்கு குனிந்திருந்தால்தான் இரும்பு பனிக்கட்டியைக் கடித்துத் திரும்பும்.

(கோமாட்டிக்: நாய்கள் இழுத்த நீளமான மரச் சுமைச்சறுக்கு. இப்போது நாய்க்குப் பதில் வண்டி.)

குறுகிய இரும்புக்கு அந்த வழக்கம் சரி. அகலப் பிளாஸ்டிக்குக்கு?

போவாஸ் கண்ணாடி கொண்டுவரவில்லை. பலகைகளோடு வந்த தாளை என்னிடம் நீட்டினான். வாங்கினேன். பாதிரியார் வாசிக்கும்போது அவர் கண் எப்படி நகருமோ அப்படி நகர்த்தினேன். [இந்த வரியை ஆறு முறை அடித்து, ஆறு முறை திரும்ப எழுதியிருக்கிறேன்.]

அவன் படத்தை எட்டிப் பார்த்தான்.

“மச்சான், படத்துல தடிச்ச பக்கம் பின்னாடில்ல இருக்கு?”

“அது சுமை இழுக்காத வண்டிக்குடா. கீழ எழுதியிருக்கு.”

“நீ சொன்னா சரி. எனக்கு எறும்பு ஊருற மாதிரிதான் தெரியுது.”

தடித்த பக்கத்தை முன்னால் வைத்தே இறுக்கினேன். கீழே அப்படி எதுவும் இல்லை. போன மாதம் எழுத்துக்கூட்டி வாசித்தபோது அந்தத் தாளில் இருந்தது இது: தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும், மாற்றிப் பொருத்தினால் பலகை பனிக்குள் குத்தும்.

3

மூன்றாம் நாள், நல்ல வெயிலில், விரிகுடாவின் நடுவே பனியின் மேல்தோலுக்கு அடியில் பலகையின் மூக்கு நுழைந்தது. வண்டி நின்றது. விறகு நிற்கவில்லை. கோமாட்டிக் பின்னாலிருந்து வந்து அவன் இடுப்பில் ஏறியது.

அவனை விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வண்டியை இழுத்துவர நான் போனேன். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு இரண்டு ரப்பர்களையும் படத்தில் இருந்தபடி திருப்பிப் போட்டு நட்டை இறுக்கினேன்.

(படிக்கத் தெரியாதது குற்றமில்லை என்று வகுப்பில் ஆசிரியை சொல்வார். நானும் தலையாட்டுவேன். ரப்பரைத் திருப்பிய கைக்குப் படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.)

4

இந்தப் போவாஸை வாசகர் நம்புவாரா என்று சந்தேகமாக இருக்கிறது. இவ்வளவு நல்லவனா? அவன் என்னைத் திட்டுவதாக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். எழுத எழுதச் சுகமாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.

உண்மையான போவாஸ் ஊர் திரும்பியதும் சொன்னது, தன் கண் கெட்டுவிட்டது, மேடுபள்ளம் தெரியாமல் போய்விட்டது என்பதுதான். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஏழு குளிர்காலம் ஆயிற்று. இடுப்பு ஆறிவிட்டது. அவன் வண்டியைத் தொடவில்லை. மீன்பிடிக்கப் போனால் அவன் மனைவி எர்னஸ்டினா ஓட்டுவாள்; அவன் பின்னால் கோமாட்டிக் பெட்டிக்குள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “விறகு வருதுடோய்” என்பார்கள் கரையில் நிற்பவர்கள். “காஞ்ச விறகுதான், நல்லா எரியும்” என்று அவனும் சிரிப்பான்.

[எனக்கு அந்த இடத்தில் சிரிக்கவும் வரும். அதையும் எழுதிவிடுகிறேன்.]

5

முடிவு ஒன்று: சொல்கிறேன். அவன் மன்னிக்கிறான். [எனக்காக எழுதியது.]

முடிவு இரண்டு: சொல்கிறேன். அடிக்கிறான். [இதுவும் எனக்காகத்தான்.]

முடிவு மூன்று: எதுவும் சொல்லாமல், உன் கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஓட்டிப் பார் என்று சாவியைக் கையில் கொடுக்கிறேன். அவன் ஏறி உட்கார்ந்து, அப்படியானால் அன்றைக்கு ஏன் என்று [இங்கே நின்றுபோனது.]

6

இன்று காலை அவனே வந்தான். நான் தாள்களை மூடினேன்.

“விபத்தப் பத்தி எழுதுறியாமே. அக்கா சொன்னா.”

சும்மா கதைதான் என்றேன்.

“கதையில நான் ஏன் விழுறேன்?”

“அந்த இடம் இன்னும் வரல.”

“வந்ததும் சொல்லு மச்சான். எனக்கு இன்னும் பிடிபடல. அந்த இடத்துல பள்ளமே கிடையாது.”

அந்த இடத்தை இரண்டாம் பகுதியிலேயே எழுதிவிட்டேன். உங்களுக்கு. அவன் இப்போது சமையலறையில் ஹுல்டாவோடு ரொட்டி தின்றுகொண்டிருக்கிறான். இங்கிருந்து அவன் முதுகு தெரிகிறது. எழுந்தால் எட்டு அடி. இன்னொரு வரி எழுதினால் அந்த வரி முடியும்வரை எழ வேண்டாம். இந்தக் கதை இவ்வளவு நீண்டதன் ரகசியம் அதுதான். எழுந்தேனா என்று தாளில் தேடாதீர்கள். எழுந்திருந்தால் கையில் பேனா இருக்காது.