இரண்டு பொட்டலம் பூ

கார்மேகம் கேட்டது ஒரு பொட்டலம். மீனாம்பாள் கொடுத்தனுப்பியது இரண்டு. லீவு முடிந்து ஊரிலிருந்து அரபு நாட்டுக்குத் திரும்பிய ஜெய்னுலாப்தீன், சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் என் கட்டில்மேல் அவற்றை வைத்துவிட்டு, "கார்மேகம் வீட்டுக்காரம்மா குடுத்துச்சு. உமாபதி அண்ணன் கையிலதான் குடுக்கணும்னு மூணு தடவ சொல்லுச்சு" என்றார். நாலு கோடு போட்ட நோட்டுத்தாளில் மடித்து, மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. தாள் அவர்கள் மகள் சங்கீதாவின் நோட்டிலிருந்து கிழித்ததாக இருக்க வேண்டும். மறுநாள் நான் ஜெயிலுக்குப் போய் கார்மேகத்தைப் பார்க்கிற நாள்.

நடந்ததற்கெல்லாம் நானும் ஒரு காரணம் என்றால் ரூமில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கதையைச் சொன்னது நான்தான். பி.ஏ. படித்துவிட்டுக் கம்பி கட்ட வந்தவனுக்கு கேம்ப்பில் கிடைக்கிற ஒரே மரியாதை, சமைக்க அடுப்பு காலியாகும்வரை கதை சொல்லச் சொல்லிக் கேட்பார்கள் என்பதுதான். அப்படி ஒருநாள் கிரேக்க நாட்டுப் பழைய போர்க்கதை ஒன்றை ஆரம்பித்தேன். ஒரு ராஜா, தன் படையிலேயே பெரிய வீரனுக்குக் கிடைத்த பரிசை எல்லோர் முன்னாலும் பிடுங்கிக்கொள்கிறான். வீரன் சண்டைக்கே வரமாட்டேன் என்று கூடாரத்தில் உட்கார்ந்துவிடுகிறான். மேலே சாமிகள் கட்சி பிரிந்து நிற்கின்றன. ஒரு சாமி வருகிற அம்பைத் தட்டிவிடுகிறது, இன்னொன்று ஒருவன் காதில் ஓதி வம்புக்கு இழுத்துவிடுகிறது.

"அந்த ஊரு சாமிகளுக்கு வேற சோலியே இல்லையாண்ணே?" என்றான் வைரவன். எங்கள் கேங்கிலேயே சாது அவன். எல்லோரும் சிரித்தார்கள். கார்மேகம் மட்டும் சிரிக்கவில்லை.

"பொருள் போனா போகட்டும் மாப்ள. அத்தன பேரு முன்னால புடுங்குனான் பாரு, அதான்" என்றான்.

அடுத்த மாதமே அவனுக்கு அது நடந்தது. எங்கள் பதினெட்டுப் பேர் கொண்ட கேங்குக்கு அவன்தான் தலைவன். அதற்கு அடையாளம் ஒரு நீல ஹெல்மெட். மற்றவர்களுக்கெல்லாம் மஞ்சள். ஆறு வருடம் வெயிலில் வெந்து வாங்கிய நீலம் அது. ஆறாவது மாடியில் ஒரு தூணுக்கு வளையங்களை இடைவெளி தப்பாகக் கட்டிவிட்டோம் என்று இன்ஜினியர் கத்தினார். தப்பான அளவைச் சொன்னது போர்மேன் பாண்டித்துரை. அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். தன் தலை தப்ப, கார்மேகத்தின் தலையிலிருந்த நீல ஹெல்மெட்டைக் கழற்றி, பக்கத்தில் நின்ற வைரவன் தலையில் கவிழ்த்தார். வங்காளிகள், பட்டாணியர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைரவன் நடுங்கிப்போய் நின்றான்.

அன்றிலிருந்து கார்மேகம் டூட்டிக்கு வரவில்லை. ரூமில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து தாக்கல் வந்தது. சனிக்கிழமை காலை பாண்டித்துரையிடம் வந்து தப்புதான் என்று சொன்னால் ஹெல்மெட் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் கலாஸ், வேலை முடிந்தது, விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்.

"ஒரு வார்த்தைதானே மாப்ள" என்று கெஞ்சினேன்.

"நான் பண்ணாத தப்புக்கா? அய்யனார் சொல்லட்டும், குனியிறேன்."

ஊருக்கு போன் போட்டான். எங்கள் பக்கம் முடிவு தெரியாமல் தவிக்கும்போது அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னால், வந்ததே உத்தரவு. வெள்ளை வந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு இங்கேயே இருப்பது, சிவப்பு வந்தால் குனியாமல் ஊருக்கு வந்துவிடுவது என்று மீனாம்பாளிடம் சொன்னான். எடுக்கப்போவது சங்கீதா. பிறந்து ஐந்து வருடத்தில் அப்பாவை ஒரே ஒரு தடவை பார்த்த பிள்ளை.

சாயங்காலம் போன் வந்தது. "செவப்புங்க, செவப்பு வந்துருச்சு. கௌம்பி வந்துருங்க" என்று அவள் குரல் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. கார்மேகம் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டான். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. போய்ச் சேரட்டும், பிள்ளையோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் காலையில் அவன் பெட்டி கட்டவில்லை. எங்களுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தான். "சாமியே என் பக்கம் நின்னுருச்சு. என் பொருள வாங்கிட்டுத்தான் ஊருக்குப் போவேன்" என்றான். நான் அவன் கையைப் பிடித்து இறக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை. பாழாய்ப்போன மனசுக்குள் எனக்கும் அதைப் பார்க்க ஆசை இருந்தது.

ஆறாவது மாடியில், வைரவன் தலையிலிருந்து ஹெல்மெட்டைப் பிடுங்கினான். வைரவன் எடுத்துக்கொள் என்பதுபோல் தலையைக் குனிந்துதான் கொடுத்தான். குறுக்கே வந்த பாண்டித்துரை, "கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுங்கடா இவன" என்றார். கார்மேகம் அவரை ஒரு தள்ளுத் தள்ளினான். தளத்தின் விளிம்பு அவ்வளவு பக்கத்தில் இருந்ததை இருவருமே பார்க்கவில்லை. பாண்டித்துரை ஒரு மாடி கீழே விழுந்தார். முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஊருக்குப் படுக்கையில் போனார். கார்மேகம் நீல ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, போலீஸ் வரும்வரை கம்பிக்கட்டின்மேல் உட்கார்ந்திருந்தான். மூன்று வருடம் தண்டனை. ஜெயிலிலிருந்து அவன் ஊரில் கேட்டது, உத்தரவாக வந்த அந்தப் பூப்பொட்டலத்தை மட்டும்தான்.

ஜெயிலில் மூடிய பொட்டலம் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அதனால் காலையில் கிளம்பும் முன் நூலைப் பிரித்தேன். செவ்வரளி. காய்ந்து கறுத்திருந்தாலும் சிவப்பு தெரிந்தது. வெள்ளையைத் தனியாக எடுத்து வைக்கலாம் என்று இரண்டாவதைப் பிரித்தேன்.

அதிலும் செவ்வரளி.

கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதலில் அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. சாமியையே ஏமாற்றியிருக்கிறாளே என்று. அப்புறம் அது தணிந்தது. அவள் கேட்டதெல்லாம் புருஷன் வீடு வந்து சேர வேண்டும் என்பதுதான். வெள்ளை வந்துவிடுமோ என்று பயந்து அந்த வழியையே அடைத்துவிட்டாள். ஊரில் ஒருத்தரிடமும் சொல்ல முடியாமல், கடிதத்திலும் எழுத முடியாமல், இரண்டையும் என் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

ஒன்றைப் பிரித்தபடியே கையில் எடுத்துக்கொண்டேன். இன்னொன்றின் பூவை மட்டும் தாளில்லாமல் சட்டைப்பையில் போட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார்மேகம் இளைத்திருந்தான். ரிசீவரை எடுத்ததும், "கொண்டாந்தியா?" என்றான். பூவைக் கண்ணாடியோடு சேர்த்துக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது.

"இது ஒண்ணுதான் மாப்ள. இது மட்டும் இல்லேன்னா எப்பவோ கழுத்துல துண்டப் போட்டு இறுக்கியிருப்பேன். சாமி உத்தரவு, நான் செஞ்சேன்."

நான் தலையாட்டினேன்.

"அந்தக் கதைய நீ முடிக்கவே இல்லையே. அவன் கூடாரத்த விட்டு வந்தானா?"

"வந்தான்."

"பொருளத் திருப்பிக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க." அதற்குள் அந்த வீரனின் உயிர்த்தோழன் செத்திருந்தான் என்பதை நான் சொல்லவில்லை.

அவன் திருப்தியாகச் சிரித்தான். காவலாளி நேரம் முடிந்தது என்று கைகாட்டினான். ரிசீவரை வைக்கப்போனவன் மறுபடி காதில் வைத்து, "அந்த வெள்ளப் பூவ என்ன செஞ்சா மீனா? கம்மாயில விட்டுட்டாளா?" என்று கேட்டான்.

"விட்டுருக்கும் மாப்ள" என்றேன்.

அவன் கண்ணாடியில் பூ இருந்த இடத்தில் விரலை வைத்து, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். என் இடது கை சட்டைப்பையை மூடிக்கொண்டிருந்தது. உள்ளே காய்ந்த பூ நொறுங்குவது துணி வழியாகத் தெரிந்தது.